காலி மருந்து பாட்டில்

கச்சிராயபாளையம் பக்கம் எந்த மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலும் ஊசிக்காரர்தான் வண்டியில் வந்து இறங்குவார். ஊசி போட்டதும் காலி மருந்து பாட்டிலை மறக்காமல் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். குப்பை போடாத மனுஷன் என்று தெருவே மெச்சியது. எனக்கோ அந்த ரப்பர் மூடி பாட்டில் மேல் ஒரு கண்.

எங்கள் சினைமாடு காய்ச்சலில் படுத்தபோது வாய்ப்புக் கிடைத்தது. அவர் கை கழுவப் போன நேரத்தில் பாட்டில் என் பாவாடை மடிப்புக்குள் போனது. தேடினார், முறைத்தார், மறுநாளும் வந்து ஊசி போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தபோது மாடு எழவே இல்லை. எங்களுக்கிருந்தது அந்த ஒரே மாடு. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “கெவுருமென்ட் டாக்டரைக் கூட்டினு வரலாம்க்கா” என்றாள் சித்தி. போன வருஷம் அவளுடைய சீதன மாடு, அதுவும் சினையாக இருந்தது, இதே ஊசிக்காரர் வந்துபோன மறுநாள் செத்துப்போயிருந்தது. அவள் கால் வைத்த ராசி என்று எங்கள் வீட்டில்தான் பேசினோம். அம்மாதான் முதலில் பேசினாள்.

டாக்டர் வந்தார். ஊசிக்காரர் என்ன ஊசி போட்டார் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அம்மாவின் கை என் முதுகைத் தேடி வந்தது. டாக்டர்தான் தடுத்தார்.

“இத சினைமாட்டுக்குப் போடவே கூடாதும்மா. இன்னிக்கும் போட்டிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்.”

“அவரும் டாக்டருதானுங்களே?” என்றாள் அம்மா.

“பதிவு பண்ணவங்கதான் வைத்தியம் பாக்கலாம். நான் தப்பு பண்ணா என் பதிவு நம்பரைப் போட்டு எங்க கால்நடை டாக்டருங்க மன்றத்துக்கு நீங்க எழுதலாம். விசாரிச்சு என் பேரையே எடுத்துடுவாங்க. அவருகிட்ட எடுக்கறதுக்கு இன்னா இருக்குது?”

புகாரை யாருக்கு அனுப்புவது, என்னென்ன எழுதுவது என்றும் சொன்னார். சித்தி எழுதினாள். தன் மாட்டையும் சேர்த்தே எழுதினாள். முதல் கையெழுத்தும் அவளுடையதுதான்.

டாக்டர் போட்ட மாற்று மருந்தில் மூன்றாம் நாள் மாடு எழுந்து நின்றது. பிறகு ஒரு கிடாரிக்கன்று போட்டது. அந்த வாரமே விசாரணைச் செய்தியும் வந்தது. எல்லா மாட்டுக்கும் அந்த ஒரே மருந்தைத்தான் போட்டதாக ஊசிக்காரர் ஒப்புக்கொண்டாராம். அவர் வண்டி அப்புறம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டில் கதையைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது.

செய்தி வந்த அன்று சித்தி கன்றைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எங்கள் மாடு பிழைத்த பொறாமை என்று நினைத்தேன். அம்மா சீம்பால் காய்ச்சி முதல் கிண்ணத்தை அவளிடம் நீட்டி, “எம்மேலதான்டி தப்பு” என்றாள். பாட்டிலை எடுத்து வைத்தவள் நான், ஜெயித்தவள் நான், முதல் கிண்ணம் மட்டும் அவளுக்கா என்று அன்று முழுக்க நான் அம்மாவிடம் பேசவில்லை.