சென்னியப்பன் பனியன் கழட்டின விதம்

எலும்பு ஆஸ்பத்திரியில் நான் ஆபரேசன் தியேட்டர் ஆயா. அதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங். அங்கே துணியில் ஓட்டை பார்த்த கண்தான், இங்கே ஆளைப் பார்த்தது.

எண்பதுகளின் கடைசி. சென்னியப்பன் என்று ஒரு பனியன் கம்பெனி டெய்லர், கல்யாணமாகாத பையன். வலது தோள் மூட்டு அடிக்கடி நழுவி எறங்கிவிடும். நாலாவது தடவை மொதலாளியே காரில் கூட்டி வந்துவிட்டார்.

"நல்ல டெய்லருங்க டாக்டர். ஷிப்மென்ட்டுக்குச் சரக்கு கப்பலேத்தற நாள் வந்தாப் போதும், கையத் தொங்கப் போட்டுக்கறான். ஒரேயடியா சரி பண்ணிக் குடுத்துருங்க."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தன தடவை எறங்குனா, தொறந்து இறுக்கித் தைக்கறதுதான் வழி."

சென்னியப்பனுக்கு மூஞ்சி வெளுத்துவிட்டது. மொதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆபரேசன். அக்குள் சிரைக்கப் போனேன்.

"பனியனைக் கழட்டு கண்ணு."

தோள் நோவுக்காரர் யாரானாலும் நல்ல கையை முதலில் உருவுவார்கள். நோவுக் கையைக் கடைசியில், மெல்ல. இவன் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரே இழுப்பு. பனியன் பக்கத்துக் கட்டிலில் போய் விழுந்தது.

சவரக்கத்தியைக் கீழே வைத்தேன். "அந்தத் தோளு எப்படி எறங்குதுன்னு காட்டு, பார்க்கலாம்."

"மொதலாளி வெளிய இருக்காருங்களா ஆயா?"

"டீ குடிக்கப் போயிட்டாரு."

தோளை ஒரு குலுக்கு. டொக். எறங்கிவிட்டது. இன்னொரு குலுக்கு. டொக். ஏறிவிட்டது.

"சின்னதுலருந்தே வருமுங்க. வலியே இல்லீங்க. ஷிப்மென்ட்டுன்னா ஊட்டுக்கே விட மாட்டீங்கறாங்க, அதானுங்க. சொன்னா வேலை போயிருமுங்க."

"சொல்லாட்டித் தோளே போயிரும்டா!"

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "ஆயா, டாக்டருக்குப் படிச்சது நானா, நீங்களா?"

"நீங்கதானுங்க. பனியன் கழட்டறப்பப் பார்த்தது நானுங்க."

வந்தார். டொக் காட்டினான். டாக்டர் சிரித்தார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேணும்னே எறக்கற தோளத் தைச்சா, தையல்தான் பிரியும். கத்தி வேண்டாம்."

மொதலாளியிடம் அவர் சொன்னது இதுதான்: "ஆபரேசன் தேவையில்லீங்க. மூணு மாசம், தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எக்சர்சைஸ். இங்க வந்தாகணும்."

"ஷிப்மென்ட் அன்னிக்குமுங்களா?"

"அன்னிக்குத்தாங்க முக்கியமா."

அதற்கப்புறம் எந்தத் தோள் வந்தாலும், எக்ஸ்ரே பார்த்து முடித்ததும் டாக்டர் என் பக்கம் திரும்புவார். "ஆயா, பனியன்."

புதுசாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நோயாளி துணி மாற்றும்போது வேறெங்கோ பார்த்து நிற்காதீர்கள். எக்ஸ்ரேயில் ஷிப்மென்ட் தெரியாது.