தவிட்டு பிஸ்கட்டுக்கு இரண்டு மார்க்

வாயில் போட்டார். இரண்டு முறை மென்றார். எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்து, தாளில் இருந்த ஒன்பது கட்டங்களில் இரண்டாவதை நீலப் பேனாவால் சுழித்தார். ஸ்டோர் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சுழிதான். துப்பியதைக்கூட மன்னித்திருப்பேன். துப்பிவிட்டு, "இன்னாம்மா இது, பழைய எண்ணெ டப்பாவ மோந்து பாத்தா மாதிரி கீது" என்று ஒரு வார்த்தை சேர்த்தார் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதையை முறையாகச் சொல்கிறேன். இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் உணவு உயிர்த்தொழில்நுட்பத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் பொருள் தவிடு. நெல்லைத் தீட்டிய மறுகணமே தவிட்டில் இருக்கும் ஒரு நொதி அதன் எண்ணெயைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். சாயங்காலத்துக்குள் சிக்கு வாடை வந்துவிடும். அவ்வளவு சத்தையும் வைத்துக்கொண்டு அது மாட்டுத் தொட்டிக்குப் போவதற்கு இதுதான் காரணம். பப்பாளிக் காயைக் கீறினால் வடிகிற பாலில் வேறொரு நொதி இருக்கிறது. அதைச் சேர்த்துத் தவிட்டின் நொதியை அடக்கி, பள்ளிக் குழந்தைகள் சாப்பிட மூன்று மாதம் கெடாத பிஸ்கட் செய்ய வேண்டும். முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை என்று வீட்டில் விளக்குவேன். "ஒரு முள்ளை எடுக்கவா அஞ்சு வருஷம்?" என்பாள் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எனக்கு இருபத்தொன்பது வயது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களெல்லாம் தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காய்கறி வாங்கப் போனால், "இன்னுமா படிச்சிட்டிருக்க?" என்பார்கள், ஏதோ தீராத வியாதியை விசாரிப்பதுபோல. அந்த நேரம் பார்த்துத் துறையில் ஒரு நிரந்தர விரிவுரையாளர் இடம் காலியானது. நேர்காணலுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பிஸ்கட் மூன்று மாதம் நன்றாக இருக்கிறது என்று பத்துப் பேர் தின்று பார்த்து மார்க் போட வேண்டும்.

இப்போது என் மாணவர்கள் இந்தச் சோதனையைக் குளிரூட்டிய அறையில், ஆளுக்கொரு தடுப்பில் உட்கார்ந்து, கணினித் திரையைத் தொட்டுச் செய்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு ஏது அதெல்லாம்? தாழ்வாரத்தில் யார் போனாலும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்போம். மிகவும் பிடிக்கவில்லை என்றால் ஒன்று, மிகவும் பிடித்திருந்தால் ஒன்பது. விளையாட்டு ஆசிரியர், அதாவது பி.டி. சார், தவறாமல் ஒன்பது போட்டுவிட்டு, "இதுக்கு மேல கட்டம் கிடையாதாம்மா?" என்று கேட்பார். அலுவலகத்தில் எட்டு, நூலகத்தில் எட்டு, முதுகலை மாணவர்கள் ஒன்பது. நான் தரையில் நடக்கவே இல்லை.

ஸ்டோர் அக்கா கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குடுவைகளுக்கும் ரசாயனங்களுக்கும் பொறுப்பு. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து சோழிங்கநல்லூர் வந்து, பஸ் மாறி வருவார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், மாமியார் மீன் விற்கிறவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மதியம் ஸ்டோரில்தான் எங்கள் சாப்பாடு. அவருடைய நெத்திலி வறுவல் எனக்கு, எங்கள் அம்மாவின் வற்றல் குழம்பு அவருக்கு. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதிலிருந்து முதல்வரின் முட்டிவலி வரைக்கும் பேசுவோம். அப்படிப்பட்டவர்தான் இரண்டாவது மாதச் சுவைச் சோதனையில் எனக்கு இரண்டு போட்டார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினைந்து நாள் கழித்து மறுபடி சோதனை வைத்தபோது, "இன்னிக்கு டேஸ்டிங் இல்லக்கா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பி.டி. சார் மீசையில் பிஸ்கட் தூளோடு ஸ்டோர் வழியாகப் போயிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாள் குடுவை வாங்கப் போனால், "இங்க கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார் அக்கா. அதுவரை "இன்னாம்மா", "வாம்மா" என்றவர். நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த வாரம் முழுக்க நான் மேடம்தான். சாப்பாட்டை மேஜையில் தனியாக உட்கார்ந்து விழுங்கினேன்.

என் நெறியாளர் அதிகம் பேசாதவர். பட்டியலைப் பார்த்து, "ஸ்டோர்காரங்க பேரு எங்க?" என்றார். அவருக்குப் பயிற்சி இல்லை மேடம் என்றேன். "பி.டி. சார் எந்த ஊர்ல பயிற்சி எடுத்தார்?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒருவரை நீக்க வேண்டுமென்றால் அவருக்கு வேறுபாடு தெரியவில்லை என்று நிரூபித்துவிட்டு நீக்கு என்றார். சரி, நிரூபித்துவிடுகிறேன் என்று எனக்கும் வீம்பு. அதற்கு ஒரு முறை உண்டு. மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டோருக்குப் போய் வாசலிலேயே நின்றேன். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்க்கா. சாரி." அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லா கீதுன்னு சொல்லத்தான் ஒம்போது பேர் கீறாங்களே, நா எதுக்கு?" என்றார். பிறகு அவரே, "சரி, எடுத்துகினு வா. இன்னா கருமமோ" என்றார். மூன்று நாளில் பத்து முறை வைத்தேன். பத்து முறையும் சரியாகச் சொன்னார். இரண்டாம் நாளிலிருந்து வாயில்கூட வைக்கவில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய், "இது நேத்தி சுட்டது. இதுங்க ரெண்டும் போன மாசத்து சரக்கு. ஏலத்துல மீன வாயில வெச்சா பாத்து எடுக்குறோம்?" என்று என்னையே கேட்டார்.

ஆய்வக அளவுகளின்படி அந்த எண்ணெய் இன்னும் வரம்புக்குள்தான் இருந்தது. நேராக மைதானத்துக்குப் போய் பி.டி. சாரைப் பிடித்தேன். "சார், சத்தியமா சொல்லுங்க, பிஸ்கட் நல்லா இருந்துச்சா?" அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "ஏம்மா, கல்யாண வீட்ல பாயசம் நல்லா இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா? நீ ராப்பகலா கஷ்டப்படுற பொண்ணு. நான் தண்ணி ஊத்தி முழுங்கிடுவேன்மா" என்றார். நூலகத்தில் கேட்டால், லேசாக ஒரு வாடை இருந்தது, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா, "அந்த பிஸ்கட் டப்பாவ பீரோல வெக்காதன்னு எத்தன தடவ சொல்றது? பட்டுப்புடவையெல்லாம் நாறுது" என்று கத்தினாள். மாதக்கணக்காக இதைத்தான் கத்தியிருக்கிறாள். வருடக்கணக்கில் தவிட்டிலேயே கிடந்த என் மூக்குக்கு மட்டும் தெரியவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், அக்காவின் இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் சராசரி ஏழுக்கு மேல்தான். பத்துப் பேரில் ஒருத்தி. எந்தத் தேர்வாளரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆய்வேட்டைக் கட்டுப்போட்டுக் கொடுத்தால் வேலை. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் படுத்தே கிடந்தேன். சாப்பிட மட்டும் எழுந்தேன். அந்த பிஸ்கட்டை ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை வாயில் போட்டு, ஜன்னல் பக்கம் போய்த் துப்புவது கண்முன் வந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை நெறியாளரிடம் போய், இப்போது கொடுக்கவில்லை மேடம் என்றேன். "சரி" என்றார். வேலை வேறொருவருக்குப் போனது. தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். நல்ல பிள்ளையாக இருப்பதில் ஒரு சுகமும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. முடிச்சூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் தவிட்டை மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கல்லூரிக்குக் கொண்டுவந்து பப்பாளி நொதியைச் சேர்ப்பேன். அதற்குள் எண்ணெய் கெட ஆரம்பித்திருக்கிறது. திருடன் போன பிறகு நாய் வளர்த்திருக்கிறேன்! நொதியைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கே போனேன். இயந்திரத்திலிருந்து சூடாக விழுகிற தவிட்டில் அங்கேயே கலந்தேன். தலை முதல் கால் வரை தவிடாக நிற்பேன், ஆலைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த ஆலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதில் மூன்றாவது மாடியில்தான் இன்று நான் குடியிருக்கிறேன்.

புது பிஸ்கட் மூன்று மாதம் ஆனதும் அதே பத்துப் பேரைக் கூப்பிட்டேன். இந்த முறை ஒவ்வொருவரையும் அவரவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்ய வைத்தேன். பி.டி. சார் பெருமூச்சு விட்டு ஆறு போட்டார். "இனிப்பு பத்தலம்மா. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்." அலுவலகத்தில் ஆறு, நூலகத்தில் ஏழு. அக்கா மென்றார், விழுங்கினார், இன்னொன்று எடுத்தார். "வாடையே இல்லம்மா" என்று சொல்லி ஏழைச் சுழித்தார். ஏன் ஒன்பது இல்லை என்று கேட்டேன். "பிஸ்கட்டு இன்னா, வஞ்சிரமா?" என்றார்.

வாய்மொழித் தேர்வு நாள். துறையே வந்து உட்கார்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். பழைய பிஸ்கட்டின் மார்க்கையும் நான் மறைக்காமல் சேர்த்திருந்தேன். "கெட்டுப்போனதா நீங்களே சொல்ற பிஸ்கட்டுக்கு ஏறக்குறைய எட்டு. கெடாத பிஸ்கட்டுக்கு ஆறரை. அஞ்சு வருஷம் உழைச்சு மார்க்கைக் குறைச்சிருக்கீங்களேம்மா?" என்றார். அந்த எட்டையும் ஒன்பதையும் போட்டவர்கள் அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், முதல்ல போட்டது பிஸ்கட்டுக்கு மார்க் இல்ல. எனக்குப் போட்ட மார்க்" என்றேன். "ஒருத்தங்க மட்டும்தான் பிஸ்கட்டுக்குப் போட்டாங்க."

பி.டி. சார் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த இரண்டைப் போட்டவர் யார் என்று கேட்டார். அக்கா கடைசி வரிசையில் எழுந்து நின்று, வெட்கத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். பட்டம் உறுதி என்று அங்கேயே அறிவித்தார்கள். ஒரு வருடம் கழித்து வேறொரு இடம் காலியாகி, நான் விரிவுரையாளரும் ஆனேன்.

ஆனால் அன்றைக்கு இன்னும் டிபன் பாக்கி இருந்தது. தேர்வு முடிந்தால் வந்தவர்களுக்கெல்லாம் பட்டம் வாங்கியவர் டிபன் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஓர் ஓட்டலில் சொல்லி இட்லி, வடை, பொங்கல், வாளி நிறையச் சாம்பார் வரவழைத்திருந்தேன். "பிரமாதம்", "சூப்பர்" என்று நாலா பக்கமும் குரல். அக்கா என் பின்னால் வந்து காதில் சொன்னார். "சாம்பார் நேத்தி வெச்சது. சுட வெச்சிக் குட்த்துக்கீறான். தொடாத."

நான் ருசி பார்க்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே போய் வாளியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன். பரிமாற வந்தவர் சண்டைக்கு வந்தார். பி.டி. சாரின் தட்டைப் பிடுங்கினேன். நெறியாளரின் கிண்ணத்தை எடுத்தேன். பட்டம் கொடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகாத தேர்வாளர் இட்லியைச் சாம்பாரில் முக்கி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "வேணாம் சார், வெச்சிடுங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. "ஏன் டாக்டர், நீங்க டேஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல சார். அக்கா சொல்லிட்டாங்க" என்றேன்.