இசக்கியப்பன் சிரித்த படம்

தென்காசியில் பால்வண்ணநாத பிள்ளைக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. தோளில் முக்காலி, கையில் கேமராப் பெட்டி, கக்கத்தில் கறுப்புத் துணி. எங்கே ஒருவர் கழுத்தில் மாலை விழுகிறதோ அங்கே பிள்ளை நிற்பார். சீசன் வந்துவிட்டால் ஜாகை குற்றாலத்துக்கு மாறிவிடும். பெரிய மனிதர்களுக்குச் சாரல் பட்டதும் படம் பிடித்துக்கொள்ளும் ஆசை முளைத்துவிடும்.

ஒரு ராவ்பகதூர் அருவியில் குளிக்கிற மாதிரிப் படம் வேண்டும், ஆனால் தலைப்பாகை நனையக் கூடாது என்றார். பிள்ளை அவரை அருவிக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி, தோளில் இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றி எடுத்துக் கொடுத்தார். முப்பத்தேழில் காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும் அதே ராவ்பகதூர் கதர் கட்டிக்கொண்டு மந்திரிக்கு மாலை போட வந்தார். வந்தவர், வெள்ளைக்காரக் கலெக்டரோடு நின்ற பழைய படத்தைத் தொலைத்துவிட்டீரா என்று காதோடு விசாரித்தார். பிள்ளைக்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கலெக்டரும் தலைகீழ்தான், தலையாரியும் தலைகீழ்தான். இருபது வருஷம் அப்படியே பார்த்த மனிதருக்கு மனசு மரத்துப் போனதில் ஆச்சரியமில்லை.

அந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. எந்த விழாவுக்குப் போனாலும் பத்துப் பேர் முண்டியடித்து முன்னால் வந்து, 'என்னையும் ஒண்ணு எடும்வே' என்பார்கள். பெட்டியில் இருப்பதோ படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டு மூன்று. மாட்டேன் என்றால் முக்காலி முறியும். அதனால் பிள்ளை பிளேட்டு வைக்காத வெறும் சட்டத்தைக் கேமராவில் சொருகுவார். லென்ஸ் மூடியைக் கழற்றி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, திரும்ப மாட்டுவார். நின்றவருக்குப் பரம திருப்தி. பின்னால் யாராவது கேட்டுவந்தால், "வெளிச்சம் பட்டுப் பாழாப் போச்சு அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை. வெறும் சட்டத்துக்குத் துணிக்குள் தலையை விடுகிற வேலையும் மிச்சம். வாய் எண்ணிக்கொண்டிருக்கும், கண் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு தடவை இடிபட்டவர் எவரும் அதைப் பாவம் என்று சொல்ல மாட்டார்கள்.

நாற்பத்தொன்று தை மாதம். யுத்தத்துக்கு உதவாதே என்று கோஷம் போட்டு ஜெயிலுக்குப் போகிற காலம். அன்றைக்குப் போகிறவர் வக்கீல் வல்லிநாயகம். கோயில் வாசலில், மொட்டைக் கோபுரத்தின் கீழே, ஊரே திரண்டு நின்றது. அங்கே காற்றுக்குக் கேட்பானேன்? மாலையில் பாதிப் பூ மேலே பறந்தது. யுத்தத்தால் பிளேட்டு வரத்து நின்றுபோய்ப் பிள்ளையிடம் இருந்ததே இரண்டு. வக்கீல் தனியாக ஒன்று, குடும்பத்தோடு ஒன்று. அத்தோடு தீர்ந்தது.

வக்கீலோடு கோஷம் போட இன்னொருவனும் வந்திருந்தான். அச்சன்புதூரில் ஏர் உழுகிற சம்சாரி இசக்கியப்பன். அவன் சொந்தத்தில் பாதிப் பேர் போலீஸ், மீதிப் பேர் பட்டாளம். அவன் ஒருத்தன் மட்டும் இப்படி. அவனுக்கு மாலை போட ஆள் இல்லை. வக்கீலுக்கு விழுந்ததில் ஒன்றை யாரோ எடுத்து அவன் கழுத்தில் போட்டார்கள்.

"அண்ணாச்சி, என்னையும் ஒண்ணு எடுக்க முடியுமா? வீட்ல கேப்பா." துண்டால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டான்.

"நில்லும்வே." பிள்ளை வெறும் சட்டத்தைச் சொருகினார். மூடியில் கையை வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "வாயிலேருந்து துண்டை எடும். நல்லாச் சிரியும். ஒண்ணு, ரெண்டு. ஆச்சு."

எண்ணும்போது அவர் கண் தெருமுனையில் இருந்தது. போலீஸ் வண்டி வந்துகொண்டிருந்தது.

ஆனி மாதம் ஒரு பெண்பிள்ளை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. இசக்கியப்பன் பெண்சாதி மாரித்தாய் என்று சொன்னாள். ஜெயிலிலிருந்து வந்த காகிதத்தை முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள். பிள்ளை வாசித்தார். சுகமாக இருப்பதாகவும், மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கும்படியும் எழுதியிருந்தது. கடைசியில்: 'போட்டோக்காரப் பிள்ளையிடம் என் படம் இருக்கிறது. நீ சொல்லிச் சொல்லி நான் கேட்காததை அன்றைக்குச் செய்தேன். துண்டை எடுத்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். வாங்கிப் பார்.'

"கல்யாணத்துக்கு முந்தியே மாடு முட்டி முன்பல்லு போயிட்டு அண்ணாச்சி," என்றாள் மாரித்தாய். "சிரிப்பு வந்தாத் துண்டை வச்சு மூடிக்கிடுவாக. இந்த ஆறு வருசத்துல அவுக சிரிச்சு நான் முழுசாப் பாத்ததில்ல."

வெளிச்சம் பட்ட கதையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏனோ, "படம் கழுவ மதுரைக்குப் போயிருக்கு, தாயி" என்றார். அதைவிடப் பெரிய பொய். அவர் எந்தக் காலத்தில் மதுரைக்கு அனுப்பினார்? அவள் நம்பிக்கொண்டு அச்சன்புதூருக்கு நடந்தாள்.

ஆவணியில் வக்கீல் விடுதலையாகி வந்தார். ஜெயிலில் படித்தவர்களுக்கு உள்ள நல்ல வகுப்பு. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. வரவேற்புக்குப் பந்தல் போடச் சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். பேச்சோடு பேச்சாக, "நம்ம இசக்கியப்பன் போயிட்டான் தெரியுமாவே? வயித்துக்கடுப்பு. அவன் வேற வகுப்புல கிடந்தான், எனக்கே ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றார்.

பிள்ளைக்கு அழுகை வரவில்லை. ஐயோ என்றுகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ரசம் உப்பில்லாமல் இருந்ததை எழுந்து கைகழுவும்போதுதான் உணர்ந்தார். பிறகு பழைய பிளேட்டுகளை எல்லாம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வக்கீலின் குடும்பப் படத்து ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது யாருடையது என்று யார் சொல்ல முடியும்?

மறுவாரம் அவள் வந்தாள். குங்குமம் இல்லை. குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மதுரையிலேருந்து வந்துட்டா அண்ணாச்சி?"

ஆயிரம் பொய் கைவசம் வைத்திருக்கிற தொழில். ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. "படம் இல்ல, தாயி," என்றார். "அன்னைக்கு எங்கிட்ட பிளேட்டு இல்ல. சும்மாத்தான் மூடியைக் கழத்தி மாட்டினேன். பெட்டிக்குள்ள ஒண்ணும் கிடையாது."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். தூற்றினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"படம் போனாப் போவுது," என்றாள். "நீங்க எதிர்த்தாப்புலதான நின்னீய. கண்ணால பாத்திருப்பியள்லா? எப்படிச் சிரிச்சாக? அதைச் சொல்லுங்க, போதும். பிள்ளை பெருசானாக் கேக்கும்லா."

பிள்ளை வாயைத் திறந்தார். மாலை ஞாபகம் வந்தது. பூப் பறந்தது ஞாபகம் வந்தது. தெருமுனையில் வண்டி திரும்பியதும் ஞாபகம் வந்தது. நல்லாச் சிரிச்சாரு என்று சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். அந்த ஒரு வார்த்தை அவருக்குச் சொல்லத் தெரியாததல்ல.

"நான் பாக்கல, தாயி. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்."

"கூட நின்னவுக?"

"எல்லாரும் வக்கீலைப் பாத்துக்கிட்டு நின்னாக."

மாரித்தாய் தலையை ஆட்டினாள்.

"அப்போ அவுக சிரிச்சதை ஒருத்தரும் பாக்கலையா?"

"இல்ல," என்றார் பிள்ளை.