மேளம் நின்ற இடம்

கடல் தாண்டி வந்து சேர்ந்த இந்த ஊவா மலையில் மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வந்ததும் என் வலது கை தானாகச் சாராயப் போத்தலைத் தேடும். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. அங்கே வெயில் என்று குடித்தோம், இங்கே குளிர் என்று குடித்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருசம். ஆனாலும் மன்னார்க் காட்டு வழியாக நாற்பது பேரை நடத்திக் கூட்டிவந்து, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணி ஆனவன். திருச்சிப் பக்கத்து எங்கள் ஊரில் தேர் போகும் தெருவில் என்னை நிற்கக்கூட விட்டதில்லை. இங்கே முனியாண்டி பூசையில் மேளத்தை நிறுத்திவிட்டு என் பேரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சாமிக்குப் படைத்த சாராயம் தேங்காய்ச் சிரட்டையில் முதலில் என் கைக்குத்தான் வரும்.

என் குடி பொறுக்காமல் மனைவி செல்லாயி ஹல்துமுல்லையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு வருசம் தொடாம இருங்க, நானே நடந்து வந்துர்றேன்" என்றாள். பத்து மாதம் தாங்கினேன். போன வருசப் பூசை வந்தது. சிரட்டையைப் பார்த்துத் தயங்கினேன்.

"என்னங்க கங்காணி, சாமி குடிச்ச மிச்சத்துக்கும் பொண்டாட்டிகிட்ட உத்தரவு கேக்கணுமா?" என்றார் பூசாரி. கூட்டமே சிரித்தது. ஒரே ஒரு சிரட்டைதான். தெளியப் பத்து நாள் ஆனது.

அன்று தெளிந்தவன் பிறகு தொடவில்லை. இந்த வருசப் பூசையன்று, செல்லாயி சொன்ன ஒரு வருசம் நிறையப் பத்தே நாள் பாக்கி. காலையிலேயே மலை அடிவாரத்துக் காசிம் நானாவின் கடைக்கு இறங்கிவிட்டேன். சாராய வாடை இல்லாத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"என்ன கங்காணி, பூசைக்குக் கற்பூரம் முடிஞ்சி பெய்த்தா?" என்று நானா பொட்டலம் கட்டத் தொடங்கினார்.

"வேணாங்க நானா. சும்மா இருந்துட்டுப் போக வந்தேன்."

"ஓ, தோட்டத்துல சண்டையா? நான் வந்து பேசட்டா?"

நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவன் ஒரு சிரட்டைக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமாங்க, சண்டைதான்" என்றேன். இஞ்சிக் கோப்பி ஊற்றித் தந்து, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அரிசி மூட்டைமேல் தனியாக உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசல் பாங்கு கேட்டு ஓய்ந்தது. மலைமேலிருந்து எங்கள் மேளம் இறங்கி வந்தது. என் கால் தாளம் போட்டது. பிறகு மேளம் நின்றது. என் பேரைக் கூப்பிடுகிற இடம் அது.

என்னை அறியாமல் எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டி, பக்கத்திலிருந்த கோப்பையை ஏந்தி இரண்டு கையையும் நீட்டினேன். நீட்டிய கையில் நானா கொடுத்த கோப்பி ஆறிப்போயிருந்தது. மேளம் மறுபடி தொடங்கும்வரை அப்படியே நின்றேன்.