எல்லாருக்கும் ஒரே வாக்கியம்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும் போதாது, ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, வகுப்பாசிரியையான எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. யோசித்து யோசித்து எழுதினேன். திக்கிப் பேசும் ஒரு பெண்ணைப் பற்றி, 'பேச நேரம் கொடுத்தால் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்பாள்' என்று எழுதியிருந்தேன்.

தலைமை ஆசிரியர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "குறையெல்லாம் எழுதக் கூடாது டீச்சர். ஆபீசர் பாத்தா நம்மளத்தான் கேப்பாவ. வாட்ஸ்அப்புல மாதிரி வாக்கியம் வந்திருக்கு, அதப் போட்டுருவோம்."

நான் சம்மதிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நான் எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மாதிரி வாக்கியத்தையே போட்டு அச்சடித்துவிட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மா உப்பளத்து வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்திருந்தார். மகளின் அச்சடித்த தாளை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். 'தெளிவான குரலில் சரளமாக உரையாடுகிறாள்' என்று வாசிக்க எனக்கு நாக்கு கூசியது.

"எம் மவளுக்குத் திக்குமுல்லா டீச்சர். இது வேற பிள்ளைக்கு எழுதுனதா?" என்றார். பக்கத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்தாள்.

அந்த வரியை அடித்துவிட்டு, நான் முதலில் எழுதியதைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை மகளிடம் நீட்டினார். அவள் திக்கித் திக்கி வாசித்து முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

அன்று மாலையே, அச்சடித்ததை அடித்துத் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. கல்வி அலுவலகத்துக்குப் போன கோப்பை யாரும் திருத்தவில்லை. அந்தக் கோப்புக்காகப் பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கிறார்கள்.