ஜோஸ்லின் சிஸ்டரும் ஜல்லிக் குவியலும்

ஜோஸ்லின் சிஸ்டரின் கோபம் தெரியாத வீடு அந்தமானின் ஹட் பேயில் கிடையாது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து தீவிலேயே தங்கிவிட்ட குடும்பத்தில் பிறந்தவள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ். எதிரே ஒரு தாய் பிள்ளையோடு வந்தால் ஜோஸ்லினின் கண் நேராகப் பிள்ளையின் கைக்குத்தான் போகும். கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்துவிட்டால் அன்றைக்கு அந்தத் தாய்க்குச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

கடல் கொந்தளித்துக் கப்பல் வராத நாட்களில் கடைகளில் தக்காளி இருக்காது, வெங்காயம் இருக்காது. வாசலில் கலர் கலராகத் தொங்கும் பாக்கெட்டுகள் மட்டும் எப்படியோ தீருவதே இல்லை. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதம் ஒரு புதன்கிழமை அங்கன்வாடியில் பெற்றோர் கூட்டம். பேசுவது ஜோஸ்லின்தான்.

"சோறு வடிச்ச கையோட ஒரு துண்டு மீன் பொரிச்சுக் கொடுக்கதுக்கு என்ன கேடு? வேலியில முருங்க நிக்குது. பப்பாளி பழுத்துக் கீழ விழுது. அதெல்லாம் விட்டுட்டு பிஸ்கெட்டும் கலர் தண்ணியும் கொடுத்து, போனக் காட்டி ஒரே எடத்துல உக்கார வச்சிருக்கிய. ஓட விடுங்க. சாயங்காலம் முழுக்க மண்ணுல கெடந்து புரளட்டும்."

அன்று ருக்குவின் மடியில் அவள் மகன் பிரவீன்குமார் போன் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வயது, வயதுக்கு மீறிய எடை. ஜோஸ்லின் போனைப் பிடுங்கினாள்.

"ரெண்டு படி ஏறினா இவனுக்கு மூச்சு வாங்குது. பிள்ளைய நீ வளக்கியா, இந்தப் போன் வளக்குதா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ருக்குவுக்கு முகம் சிவந்துவிட்டது. மெல்ல எழுந்தாள்.

"எங்க ஓட விடணும்னு காட்டுங்க சிஸ்டர். அங்க கொண்டு போய் விடுறேன்."

பின்கதவைத் திறந்து நின்றாள். ஜோஸ்லின் போய்ப் பார்த்தாள். பிள்ளைகள் விளையாட விட்டிருந்த மைதானம் முழுக்க ஜல்லியும் மணலும் இரும்புக் கம்பியும். சறுக்குமரத்தின் உச்சி மட்டும் ஜல்லிக்கு மேலே தெரிந்தது. நடுவே டிப்பர் லாரி வந்து போன தடம்.

"கடலோரக் கரைச்சுவர் வேலைக்காம். போன மாசம் வண்டி ரிவர்ஸ் வந்தப்ப அமுதம் அக்காவோட பாப்பா மயிரிழையில தப்பிச்சது. அன்னையிலேர்ந்துதான் இவன்கிட்ட போனக் கொடுத்து வீட்டுக்குள்ள உக்கார வச்சிருக்கேன்." ருக்கு சற்று நிறுத்தினாள். "கொட்டுறது என் வீட்டுக்காரர்தான். கொட்டச் சொல்றது பக்தவத்சலம் சார்."

ஜோஸ்லினுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. யார்மேல் என்பது முதலில் அவளுக்கே பிடிபடவில்லை. இத்தனை மாதமும் முன்வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, உள்ளே வந்து கத்திவிட்டு, அப்படியே திரும்பிப் போயிருக்கிறாள். அந்தப் பின்கதவைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நேரே பக்தவத்சலத்திடம் போனாள். கடலூர்ப் பக்கத்துக் காண்ட்ராக்டர். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். டீ வரவழைத்தார்.

"ஜல்லி அள்ளுற மிஷின் மெயின்லேண்ட்ல இருந்து வரணும் சிஸ்டர். ஷிப் வந்ததும் எடுத்துடுவேன்."

"எந்த ஷிப்பு?"

"அது நம்ம கையிலயா இருக்கு?"

மறுநாள் அங்கன்வாடிக்கு ஒரு பெட்டி பிஸ்கெட்டும் ஜூஸும் வந்து இறங்கின, பிள்ளைகளுக்கு அவருடைய அன்பளிப்பாக. ஜோஸ்லின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தாள்.

"ஓடுற எடத்தப் புடுங்கிட்டு சீனியக் கொடுக்கீரு. நீரே தின்னும்."

அடுத்த கூட்டத்துக்கு வந்த பெண்கள் திகைத்துப்போனார்கள். டிப்பர் வரும் வழியின் குறுக்கே பாய்கள் விரித்துக் கிடந்தன. "இன்னைக்கு இங்கதான்" என்றாள் ஜோஸ்லின். அமுதம் முதலில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். ருக்கு மட்டும் மகனைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

லாரி வந்தது. ஹாரன் அடித்துவிட்டு ருக்குவின் கணவன் செந்தமிழன் தலையை நீட்டினான்.

"வழி விடுங்க சிஸ்டர். லோடு இருக்கு."

"இருக்கட்டும்."

"என் வேலை போயிரும் சிஸ்டர்."

அப்போது ருக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால், லாரியின் மூக்குக்கு நேராக மகனோடு உட்கார்ந்தாள். செந்தமிழன் அவளையே பார்த்தான். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

பக்தவத்சலம் வந்து சேர்ந்தபோது ஹார்பர் ஆட்களும் கடைக்காரர்களும் கூடியிருந்தார்கள். "காடி ஆகே லோ" என்று இந்தியில் அதட்டினார், வண்டியை முன்னால் எடுக்கச் சொல்லி. அவர் குரல் உயர்ந்து ஊர் கேட்டது அன்றைக்குத்தான்.

"முன்னால என் புள்ள உக்காந்திருக்கான் சார்" என்றான் செந்தமிழன்.

"அப்ப சாவியக் கொடுத்துட்டுப் போ."

கொடுத்துவிட்டான். ஜோஸ்லின் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். வங்காளிக்கும் தெலுங்கருக்கும் புரியும்படி, தீவின் இந்தியில், சறுக்குமரத்தைக் காட்டிக் காட்டித் தொண்டை கிழியக் கத்தினாள். தன் பேத்தியும் இங்கேதான் வருகிறாள் என்று ஒரு மீன்கடைக்காரர் முன்னால் வந்தார். பக்தவத்சலம் சுற்றிலும் பார்த்தார். மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய மிஷினுக்குக் காத்திராமல், பொழுது சாய்வதற்குள் ஊரிலேயே ஒரு மிஷின் கிடைத்துப் பாதி மைதானம் காலியானது. சறுக்குமரம் கால் வளைந்து வெளியே வந்தது.

செந்தமிழனுக்கு மட்டும் வண்டி திரும்பக் கிடைக்கவில்லை. ஜோஸ்லின் போய்ச் சண்டை போட்டாள்.

"கிரவுண்ட் கேட்டீங்க, விட்டுட்டேன். டிரைவர் என் விஷயம்" என்று பக்தவத்சலம் பழைய தணிந்த குரலில் சொல்லிவிட்டார்.

செந்தமிழன் மீன்பிடிப் படகு வேலைக்குப் போனான். ருக்கு கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். ஜோஸ்லின் அவள் வீட்டுக்கே போனாள்.

"அவருக்குக் கடல் ஒத்துக்கல" என்றாள் ருக்கு, உள்ளே கூப்பிடாமல். "வாந்தி எடுத்துக்கிட்டே வலை இழுக்குறாரு. நீங்க திட்டிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க சிஸ்டர். பின்னால வர்றத நாங்கதான பாக்கணும்."

ஜோஸ்லின் அங்கிருந்து அண்ணன் அல்போன்ஸ் வீட்டுக்குப் போனாள். அவனுக்கு ஐஸ் பெட்டி வைத்த மீன் வண்டி ஒன்று உண்டு, தானே ஓட்டிக்கொண்டிருந்தான். டிரைவர் தேவையில்லை என்றான். ஊர் அறிய அண்ணனும் தங்கையும் சண்டை போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் செந்தமிழன் மீன் வண்டி ஓட்டினான். டிப்பரில் கிடைத்ததைவிடச் சம்பளம் குறைவுதான். வீட்டுக்குத் தினமும் மீன் வந்தது.

ருக்கு மறுபடி கூட்டத்துக்கு வந்தாள். பிரவீன்குமார் மைதானத்தில் ஓடுகிறான், விழுகிறான், முட்டியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறான். சிப்ஸ் ஆசை மட்டும் போகவில்லை. ஒரு நாள் அவன் கையில் பாக்கெட்டைப் பார்த்து ஜோஸ்லின் வாயைத் திறந்தபோது ருக்கு கையைக் காட்டினாள்.

"திட்டணும்னா வீட்டுக்கு வந்து திட்டுங்க சிஸ்டர். நாலு பேரு முன்னால வேணாம்."

ஜோஸ்லின் ஒத்துக்கொண்டாள்.

மீதி மணல் இன்னும் மைதானத்தில்தான் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் ஏறுகிறது. கடைத்தெருவில் பக்தவத்சலம் எதிர்ப்பட்டால், எத்தனை பேர் நின்றாலும் சரி, அந்த மணலைப் பற்றி உரக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறாள்.