சில்லுக்கு வந்து சேர்ந்த நூற்றெட்டு

எங்களிடம் ஒரு கார் இருந்தது. வெளியே பார்த்தால் வண்ணம் மங்கிய பழைய ஜப்பான் கார். பொனட்டைத் திறந்தால்தான் அதன் கொழுப்புத் தெரியும். அதன் சொந்த எஞ்சின் புகை கக்கத் தொடங்கியதும், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பிய வேறொரு காரின் பெரிய எஞ்சினை உள்ளே இறக்கியவர் என் கணவரின் நண்பர். திகனயில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தார். இருவரும் கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். என் கணவர் மாநகரசபையில் சம்பளப் பகுதி எழுதுவினைஞர். காரைக் கழுவுவதைத் தவிர அதைப் பற்றி வேறொன்றும் தெரியாதவர். நண்பரை நான் நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தங்கச்சி.

எஞ்சினை அப்படியே இறக்கியிருந்தால் ஒரு மாதத்தில் வேலை முடிந்திருக்கும். நானா விடவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சீவினார், இரண்டு காபரேட்டர் பூட்டினார், புகைக்குழாயைத் தானே வளைத்து ஒட்டினார். பிடிக்காமல் மறுபடி வெட்டி மறுபடி ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் கணவர் திகனயில். "என்னக் கட்டுனதுக்கு அந்தக் காரக் கட்டியிருக்கலாம்" என்று நான் சண்டை பிடித்ததுண்டு. மனிதர் சிரித்துக்கொண்டே சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் கார் வந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீடு அம்பிட்டியவில், செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில். முன்பெல்லாம் பாதி வழியில் கார் மூச்சுத் திணறும். பின்னால் இருப்பவர்கள் இறங்கி நடக்க வேண்டும். இப்போது சாமான் பைகளும் ஆட்களுமாக மூன்றாம் கியரிலேயே குடுகுடுவென்று ஏறியது. கலஹா பக்கம் கல்யாண வீட்டுக்குப் போன அன்று, முன்னால் போன பஸ்ஸை ஏற்றத்தில் முந்தினோம். எனக்கே கொஞ்சம் திமிர் வந்துவிட்டது.

"எஞ்சின் புத்தகத்துல நூத்திப்பத்துக் குதிரை எண்டு போட்டீக்கி தங்கச்சி. எண்ட வேலக்கிப் பொறகு நூத்திமுப்பதுக்குக் கொறயாது" என்று நானா சொன்னார். அவரிடம் அளக்கும் கருவி ஒன்றும் இல்லை. காதால் கேட்டும், ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தும் சொன்ன கணக்கு. அவருக்கு ஒரு ஆசை இருந்தது. நுவரெலியா மலையேற்றப் போட்டிக்கு ஓடும் கார்களில் ஒன்றாவது தன் கையால் கட்டிய எஞ்சினோடு ஓட வேண்டும். ரேஸ்காரர்கள் எல்லாரும் கொழும்பில்தான் வேலை செய்வார்கள். திகனயில் இப்படி ஒருவர் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு சாட்சி வேண்டும் என்று நானா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம்தான் கொழும்புப் பக்கம் ஒரு கராஜில் டைனோ மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார்கள். தரையில் பதித்த உருளைகளின் மேல் காரின் சில்லுகளை ஏற்றி, பட்டிகளால் இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். சில்லு எவ்வளவு பலத்தோடு உருளையைச் சுற்றுகிறது என்று கணினி கணக்குப் பார்த்துக் கோடு கீறும். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். கடுகண்ணாவ இறக்கம் முழுக்க நானா பைத் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

மெஷினில் கார் போட்ட சத்தத்துக்கு நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மூன்று தடவை ஓட்டினார்கள். பிறகு அங்கிருந்த சிங்கள இளைஞன் ஒரு தாளை அச்சடித்துக் கொண்டுவந்து நீட்டினான். கோட்டின் உச்சியில் எழுதியிருந்த எண் நூற்றெட்டு.

கோயிலில் நூற்றெட்டு என்றால் எனக்குக் கை தானாகக் கும்பிடும். அன்றைக்குக் கை எழவில்லை. புத்தகத்திலேயே நூற்றுப்பத்து. மாதக்கணக்கில் சீவி, வளைத்து, ஒட்டி, கடைசியில் இருந்ததிலும் இரண்டு குறைவா? தாளின் அடியில் சில்லு என்று ஆங்கிலத்தில் சின்னதாகப் போட்டிருந்ததை நான்தான் வாசித்தேன். சில்லைத்தானே உருளையில் வைத்தார்கள், அதனால் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த இளைஞன் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹொந்தய், ஹரிம ஹொந்தய்" என்றான். நல்லது, ரொம்ப நல்லது. நாங்கள் மூன்று பேரும் அதை ஆறுதல் என்று நினைத்தோம். சாவு வீட்டில் சொல்வதுபோல ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே கெட்டது சொல்வதில்லை. கறி உப்பாக இருந்தாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வோம். அப்படியே பழகியவர்களுக்கு ஒருவன் உண்மையாகப் புகழ்ந்தாலும் புரிவதில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "புத்தகத்தில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருக்கிறதே" என்று சிங்களத்தில் தொடங்கினேன். என் கணவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார். நானா அதற்குள் காருக்குப் போய்விட்டார். பிறகு என் கணவர் சொன்ன நியாயம் இது: "அவன முன்னுக்கு வச்சுக்கிட்டு மெஷின்காரன்கிட்ட கேட்டா, நாம அவன நம்பலன்னு ஆயிடாதா?"

திரும்பும்போது என் கணவர் ஓட்டினார். மாவனல்லையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். நானா இறங்கவில்லை. என் கணவர் கண்ணாடி வழியாகக் குனிந்து, "விடு மச்சான், பரவாயில்ல. எனக்கு இந்தக் கார் போதும்" என்றார். அந்த வார்த்தையை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஏசியிருக்கலாம். காசைக் கரியாக்கிவிட்டாயே என்று நடுரோட்டில் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானாவுக்கும் ரோசம் வந்திருக்கும். அம்பிட்டிய ஏற்றத்தை ஏறுவது என்ன பேயா என்று திருப்பிக் கேட்டிருப்பார், மெஷின்காரனிடமே திரும்பிப் போய் நின்றிருப்பார். பரவாயில்லை என்று சொன்னவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? "ஓ மச்சான்" என்று மட்டும் நானா சொன்னார்.

அதன் பிறகு சிநேகிதம் குறையவில்லை. நோன்புக்குக் கஞ்சி வரும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போகும். பிள்ளைகளின் கல்யாணங்களில் இரண்டு வீட்டாரும் முன்வரிசையில் இருந்தோம். எஞ்சின் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒரு வருடத்துக்குள் நானா கராஜை மூடினார். அதே இடத்தில் குளியலறை டைல்ஸும் பைப் சாமான்களும் விற்கும் கடை போட்டார். வியாபாரம் நன்றாகப் போனது என்றே சொல்ல வேண்டும். எங்கள் கார் பிறகும் அதே ஏற்றத்தை அதே மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்குள் உட்கார்ந்துகொண்டே தாளை நம்பினோம். கடைசியில் அதை விற்றோம். யார் கைக்குப் போனது என்று இப்போது தெரியாது.

போன வருடம் எங்கள் மருமகன் தன் புதுக் காரை டைனோவில் போட்டுவிட்டு, தாளோடு சாப்பிட வந்தார். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"இது என்ன ரெண்டு?" என்று என் கணவர் கேட்டார்.

"பெரிசு எஞ்சின்ல பொறக்கிற பலம் மாமா. சின்னது சில்லுக்கு வந்து சேர்றது. நடுவுல கியர் பெட்டி, தண்டு, டயர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். கம்பனிப் புத்தகத்துல போடுறது எஞ்சின் கணக்கு. பழைய மெஷின்ல சில்லுக் கணக்கு மட்டுந்தான் வரும்."

மாதம் தவறாமல் ஊர்ப்பட்ட பேருக்குச் சம்பளச் சீட்டு எழுதிய மனிதர் என் கணவர். மொத்தச் சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"சில்லுல நூத்தெட்டுன்னா எஞ்சின்ல எவ்வளவு தம்பி?"

"சுமாரா நூத்திமுப்பது வரும். ஏன் மாமா, யாரு செஞ்சது? நல்ல கைக்காரனா இருக்கணுமே."

அவர் கை கழுவ எழுந்து போனார். கழுவிய கையையே குழாயடியில் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த நாளே திகனயில் நானாவின் கடைக்குப் போனோம். நானா எங்களைக் கண்டதும் கதிரைகளை இழுத்துப் போட்டு, தேத்தண்ணீருக்கு ஆள் அனுப்பினார். தாடி முழுக்க நரைத்திருந்தது. என் கணவர் சொல்லத் தொடங்கி இரண்டு முறை தடுமாறினார். பிறகு மருமகன் சொன்னதை அப்படியே சொல்லி முடித்தார். நானா மேசையிலிருந்த கணக்குப் பொறியை எடுத்துத் தானே தட்டிப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை தட்டினார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"அப்ப நான் சென்ன கணக்கு சரி மச்சான்."

"சரிதான்டா. நாங்கதான் அத வாசிக்கத் தெரியாம..." என்று என் கணவர் இழுத்தார்.

நானா பொறியை மேசையில் வைத்தார். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாமலே என் பக்கம் திரும்பினார்.

"டைனோக்குப் போன அந்த மாசமே நுவரெலியால ரேஸ் ஓடுற ஒரு தொர வந்தாரு தங்கச்சி. ஒங்கட கார் பஸ்ஸ முந்தினதக் கண்டு, யாரு செஞ்ச எண்டு விசாரிச்சிட்டு வந்தீக்காரு. எஞ்சின் கட்டித் தாங்க எண்டு கேட்டாரு. எனக்கு அவ்வளவுக்கு வெளங்காது சேர், கொழும்புக்குப் போங்க எண்டு சென்னேன். மனுசன் நம்பல்ல, அடுத்த கெழமயும் வந்தாரு."

தேத்தண்ணீர் வந்தது. அவர் எங்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, கராஜ் காலத்திலிருந்தே அங்கே நிற்கும் பலகைத் தட்டியைக் காட்டினார்.

"நான் இந்தத் தட்டிக்கிப் பின்னால நிண்டுக்கிட்டு, வேலக்கி நிண்ட பொடியனுக்கிட்ட ஆள் இல்ல எண்டு செல்லச் சென்னேன்."